குடம் தண்ணீரும் பதினாலாம் நாளும்

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தபோது வாசகர்களில் பெரும்பகுதியினர் கோபப்பட்டது காரில் வந்தவன்மேல் அல்ல, அம்மாவின்மேல். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டவனை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அழுதுகொண்டு வந்து உண்மையைச் சொன்ன மகளின் தலையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, “நீ சுத்தமாகிவிட்டாய்” என்று சொல்லும் அந்த விதவைத் தாயைத்தான் பலரால் பொறுக்க முடியவில்லை. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். கதைக்கு வேறு முடிவு எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

அதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 2010இல், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வந்தது. இதிலும் பெண்ணின் உடலைப் பற்றிய முடிவை எடுப்பவர்கள் தாய்மார்கள்தாம். பொன்னாளைப் பெற்ற வல்லாயியும் அவள் கணவன் காளியைப் பெற்ற சீராயியும் சேர்ந்துகொள்கிறார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களாகியும் பொன்னாளுக்குப் பிள்ளையில்லை. திருச்செங்கோடு மலைக்கோயில் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவில் வரும் ஆண்கள் எல்லோரும் சாமி என்பது ஊர் நம்பிக்கை. அன்றிரவு ஒரு சாமியோடு இருந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. அங்கே அவளை அனுப்பிவிட வேண்டும் என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கதைகள். ஒன்று நகரம், மற்றது காடுமேடு. ஒன்று பிராமண வீடு, மற்றது கொங்கு வேளாண் குடி. ஒருத்திக்கு நேரக்கூடாதது நேர்ந்துவிட்டது, இன்னொருத்திக்கு நேரவேண்டியது நேரவில்லை. கற்பு போய்விட்டதென்று ஒருத்தியை ஒதுக்கிவிடுவார்கள். இன்னொருத்தியிடமோ அதே கற்பை ஒரு ராத்திரிக்கு ஓரமாக வைத்துவிட்டு வா என்கிறார்கள். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கையில் எனக்குத் தட்டுப்பட்டது வேறு. பெண்ணை நெருக்குவது ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த இரண்டு எழுத்தாளர்களும் ஊரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, அவளை நேசிக்கிறவர்களின் கையில் அந்த வேலையைக் கொடுக்கிறார்கள். நெருக்கடி உதவியின் உருவத்தில் வருகிறது. உதவி செய்பவர்கள் எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள், அவளைக் கேட்பதைத் தவிர.

அக்கினிப் பிரவேசத்தின் அந்தக் குளியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விஷயத்தைக் கேட்டவுடன் தாயிடமிருந்து முதலில் வருவது அலறல். அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் என்னவென்று எட்டிப்பார்க்க, ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிடுகிறாள். அப்புறந்தான் தண்ணீர். தெரியாமல் அசிங்கத்தை மிதித்துவிட்டால் காலைக் கழுவிக்கொள்கிற மாதிரி இதுவும் என்று மகளுக்குச் சொல்கிறாள். அகலிகையை நினைவூட்டுகிறாள். மகளோ வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். அவன் கொடுத்த சூயிங்கம். அதைத் துப்பச் சொல்கிறாள் தாய். என்னைக் கேட்டால் கதையின் உயிர் அந்தச் சூயிங்கத்தில்தான் இருக்கிறது. நடந்தது இன்னதென்று முழுதாகப் புரியாத குழந்தைத்தனம், கொஞ்சம் ருசி, அவமானம் எல்லாம் அந்த மெல்லலில் ஒன்றாகக் கிடக்கின்றன. அதைத் துப்பவைத்த கையோடு மகளின் மனசையும் தாய் கழுவிவிடப் பார்க்கிறாள்.

புரட்சிகரமான தாய் என்று அவளைக் கொண்டாடுவது வழக்கம். கொண்டாட வேண்டியவள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குளியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இது வெளியே தெரியக்கூடாது. சீதை இறங்கிய நெருப்பு ஊரறிய மூட்டப்பட்டது. இந்தத் தண்ணீர் கதவுக்குள்ளே ஊற்றப்படுகிறது. கெட்டுப்போனவள் என்று ஒருத்தியைத் தள்ளிவைக்கும் விதியை அந்தத் தாய் எதிர்க்கவில்லை, மகள் அதன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவளால் முடிந்தது அது. ஒரு பெரிய விதிக்கு எதிராக ஓர் ஏழை விதவைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆயுதம் இரகசியம்.

ஜெயகாந்தனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாசகர்கள் கேட்ட முடிவையே எடுத்துக்கொண்டு அவர் அடுத்த நாவலை எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமானது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. இதில் தாய் தண்ணீர் ஊற்றவில்லை. அலறல் அலறலாகவே நின்றுவிடுகிறது. ஊர் கூடிவிடுகிறது. அண்ணன் கணேசன் அடித்துத் துரத்துகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எழுதுகிறார். நாவலின் நாயகி கங்கா அதைப் படிக்கிறாள், தன் தாய் கனகத்திடமும் காட்டுகிறாள். கனகம் அழுகிறாள். தனக்கு ஏன் அன்றைக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை என்பது அவள் வேதனை. தமிழில் ஒரு கதாபாத்திரம் தன் கதையின் இன்னொரு முடிவை அச்சில் படித்து அழுவது அபூர்வம். வாசகர்களுக்கு ஜெயகாந்தன் கொடுத்த பதிலாகவே எனக்கு அது படுகிறது: நீங்கள் கேட்ட முடிவு இதோ, இதில் வாழ்கிறவளைக் கொஞ்சம் பாருங்கள்.

கங்கா படிக்கிறாள், பெரிய வேலைக்குப் போகிறாள், கைநிறையச் சம்பளம் வாங்குகிறாள். அறுபதுகளில் பெண்விடுதலைக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட படிப்பும் உத்தியோகமும் அவளிடம் இருக்கின்றன. இருந்தும் நெருக்கடி போகவில்லை. படிக்கவைத்தவர் தஞ்சாவூர் வக்கீல் வெங்கு மாமா. படிப்புக்குப் பணம் கொடுத்த அதே கை அவள் உடம்பின்மேலும் நீளுகிறது. சாஸ்திரமும் சட்டமும் கரைத்துக் குடித்த அந்த மனிதர் சொல்லும் தீர்ப்பு, இவள் இனி எவனுக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் ஆசைநாயகியாக இருக்கலாம் என்பது. சாமர்த்தியமிருந்தால் கெடுத்தவனையே தேடிப்பிடிக்கட்டும் என்று சவாலும் விடுகிறார். கங்கா அந்தச் சவாலை எடுத்துக்கொண்டு, தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிப் போகிறாள். இந்த இடத்தில்தான் நாவல் மிகவும் கூர்மையாகிறது. கங்காவின் துணிச்சல் என்று நாம் மெச்சுவதற்கான வரைபடத்தைப் போட்டுக்கொடுத்தவர் வெங்கு மாமா! ஊர் சொன்ன பட்டத்தை வீம்புக்கு எடுத்துச் சூட்டிக்கொண்டு திரிகிறாள் அவள். பிரபுவுக்கும் அவளுக்கும் இடையே உடலுறவு ஏதுமில்லை, ஆனாலும் அவனுடைய ஆசைநாயகி என்று பிறர் நினைப்பதை அவள் மறுப்பதில்லை. எதிர்ப்பதற்கும் ஊர் கொடுத்த அச்சுதான் வேண்டியிருக்கிறது.

பொன்னாளுக்கு இந்தச் சிக்கலான வீம்புகள் எதற்கும் இடமில்லை. அவளை நெருக்குவது பகலில், உரக்க, எல்லோர் முன்னாலும் நடக்கிறது. சீர் சடங்குகளில் அவளை ஒதுக்குகிறார்கள். பேச்சில் ஒரு சொல் வந்து விழுகிறது, அவள் வீட்டுக்கு வந்து அழுகிறாள். அவளுக்கு ‘வறடி’ என்று பெயர், காளிக்கு ‘வறடன்’. மாமியார் கசப்புச் சாறு அரைத்துக் கொடுக்கிறாள், குடிக்கிறாள். கோயில் கோயிலாக வேண்டுதல். மலைமேல் வறடிக்கல்லைச் சுற்றுகிற பகுதியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கால் வைக்க மட்டுமே இடமுள்ள கல்விளிம்பு, தவறினால் கீழே பாதாளம். பிள்ளைக்காக அதையும் அவள் சுற்றி வருகிறாள். பிள்ளையில்லாதவள் செத்தால் போகட்டும் என்று ஊர் நினைப்பதை பெருமாள்முருகன் வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்லைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்தச் சிக்கனம் ஜெயகாந்தனிடம் கிடையாது. கங்கா தன் வாயாலேயே கதை சொல்கிறாள், நினைக்கிறாள், வாதாடுகிறாள். பல இடங்களில் அது கங்காவின் குரலா மேடையேறிய ஜெயகாந்தனின் குரலா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. நாவலின் பெரிய பலம் அதுவே, பெரிய தொந்தரவும் அதுவே.

கங்காவின் நாவலில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று மாதொருபாகனில் இருக்கிறது. அது நிலம். காளிக்குக் காடு இருக்கிறது, தொண்டுப்பட்டியில் மாடுகள் நிற்கின்றன. இதெல்லாம் யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்குப் பொன்னாளின் வயிறு வெறும் வயிறல்ல, பத்திரம். பங்காளிகளின் பார்வையில் அனுதாபமும் கணக்கும் கலந்திருக்கின்றன. கற்பைப் பற்றிய பேச்சு எங்கெல்லாம் பலமாக எழுகிறதோ அங்கெல்லாம் அடியில் வாரிசுக் கணக்கு ஓடும் என்பதை இந்த நாவல் போல விளக்கமாகக் காட்டிய தமிழ் நாவல்கள் குறைவு. அதனால்தான் வாரிசு வேண்டிவந்ததும் கற்பு விதி ஒரு ராத்திரிக்குச் சுருட்டி வைக்கப்படுகிறது. வாசலில் பூட்டுப் போட்ட வீட்டுக்குக் கொல்லையில் ஒரு கதவு வைத்திருப்பது போல, ஊர் தன் விதிக்குள்ளேயே விதிவிலக்கும் வைத்திருக்கிறது. ஜெயகாந்தனின் தாய் அந்தக் கதவைத் தானே உடைத்துச் செய்துகொள்கிறாள். சீராயிக்கும் வல்லாயிக்கும் அது பரம்பரையாகத் திறந்தே கிடக்கிறது. எந்தக் கதவானாலும் சாவி இருப்பது வயதான பெண்களிடம். இதில் அவர்களுக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. தாங்களும் ஒருகாலத்தில் உள்ளே அடைபட்டிருந்தவர்கள் என்பதால் வழி தெரிந்திருக்கிறது.

காளியைப் பற்றிச் சொல்லாமல் பொன்னாளைப் பற்றிப் பேச முடியாது. அவன் வில்லன் அல்ல, மனைவிமேல் உயிராக இருப்பவன். இரண்டாம் கல்யாணம் செய்துகொள் என்ற பேச்சு வரும்போது மறுத்துவிடுகிறான். பிள்ளையில்லாமலும் சுகமாக இருக்கலாம் என்பதற்கு அவன் எதிரிலேயே ஓர் உதாரணம் உண்டு, கல்யாணமே செய்யாமல் தன்போக்கில் வாழும் நல்லுப்பையன் சித்தப்பா. ஊர் அவரைக் கேலி பேசுகிறது, ஆனால் விட்டுவிடுகிறது. ஆணுக்கு அந்த வாழ்க்கை ஒரு விசித்திரமாகவாவது கிடைக்கிறது. பொன்னாளுக்கு ஒரு நல்லம்மா சித்தி கண்ணில் படவில்லை. அதைவிடக் கசப்பானது காளியின் இளமைக்காலம். கல்யாணத்துக்கு முன் பொன்னாளின் அண்ணன் முத்துவோடு பதினாலாம் நாள் திருவிழாவுக்குப் போனவன் அவன். யாரோ ஒருத்திக்குச் சாமியாக இருந்தவன். தன் மனைவிக்கு இன்னொருவன் சாமியாவதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாவல் இதை வைத்து அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவன் தவிப்பையும் அதே பரிவோடு சொல்லிக்கொண்டு போகிறது. படிக்கிறவருக்குத்தான் நெஞ்சில் முள் தைக்கிறது.

ஒரே ஒருமுறை பொன்னாளிடம் கேள்வி கேட்கப்படுகிறது. கேட்பவன் காளி. போகிறாயா என்கிறான். நீ சொன்னால் போகிறேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். முழுக்க முழுக்கக் கீழ்ப்படிதல். அந்தக் கீழ்ப்படிதலே அவனைக் குத்துகிறது. ‘மாட்டேன்’ என்ற சொல்லை அவன் எதிர்பார்த்தான். கணவன் சொல்வதைக் கேட்பதும் கற்பு, கணவன் சொன்னாலும் போகமாட்டேன் என்பதும் கற்பு என்றால் அவள் எதைத்தான் சொல்வது? இந்தப் பொறியில் அவள் மாட்டிய பிறகு, அண்ணன் முத்து பொய் சொல்கிறான், காளி சம்மதித்துவிட்டான் என்று. காளியை வேறுபக்கம் குடிக்க அழைத்துப் போய்விடுகிறான். பாசத்தினால் செய்யப்பட்ட மோசடி. காரில் ஏற்றிப்போன பிரபு செய்ததும் மோசடிதான், ஆனால் அதைப் பாசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எது கொடுமையானது என்று கேட்டால் எனக்கு முத்துவின் மோசடிதான். பிரபுவைக் கங்கா வெறுக்கவாவது முடியும்.

அந்த இரவை பெருமாள்முருகன் எழுதியிருக்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பொன்னாள் முதலில் மருளுகிறாள். பிறகு, இங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்பது உறைக்கிறது. வறடி என்று யாரும் சொல்லப் போவதில்லை. வேடிக்கை பார்க்கிறாள், சிரிக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் முதல்முறையாக யாருக்கும் மனைவியாகவோ மருமகளாகவோ இல்லாமல் நிற்கிறாள். தன்னை அணுகுகிறவர்களில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அவளே பார்க்கிறாள். ஏமாற்றி அனுப்பப்பட்ட இடத்தில் போய் அவளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. சங்கடமான உண்மை இது. இதை எழுத தைரியம் வேண்டும். கங்காவுக்கு இப்படி ஓர் இரவு நாவல் முழுவதிலும் இல்லை. அவள் எப்போதும் யாருடைய பார்வையிலோ நின்றுகொண்டுதான் யோசிக்கிறாள். கடைசியில் பிரபு, நீ கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இரு என்று நல்லெண்ணத்தோடு விலகிப்போக, அவள் குடியில் போய் விழுகிறாள். அங்கேயும் நல்லெண்ணம்! 1977இல் பீம்சிங் எடுத்த படத்தில் கங்காவாக நடித்து லட்சுமி தேசிய விருது பெற்றார். நாவலின் வாதங்கள் குறைந்து முகம் கூடிய படம் அது. நாவலைவிடப் படத்தில் கங்காவின் தனிமை நெருக்கமாகத் தெரிகிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

தமிழ்க் கதையில் இதெல்லாம் புதிதா என்றால் இல்லை. புதுமைப்பித்தன் ‘பொன்னகர’த்தில் கணவனுக்குக் கஞ்சி வார்க்க இருட்டுச் சந்தில் ஒதுங்கிய அம்மாளுவைக் காட்டிக் கற்பைப் பற்றி முழங்குகிறவர்களைக் கிண்டலடித்துவிட்டார். ‘சாப விமோசன’த்தில் சீதையின் தீக்குளிப்பைக் கேட்டு அகலிகையை மறுபடி கல்லாக்கினார். ஜெயகாந்தனின் தாய் அகலிகையைத் துணைக்கு அழைக்கும்போது புதுமைப்பித்தனின் அகலிகை அங்கே நிற்கத்தான் செய்கிறாள், இது அவ்வளவு சுலபமாகக் கழுவப்படுவதில்லை என்று.

வாசகர்களும் இந்த இரண்டு கதைகளின் பாத்திரங்களாகிவிட்டார்கள். 1966இல் வந்தவை கோபக் கடிதங்கள். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் மாதொருபாகன் பிரதிகள் எரிக்கப்பட்டன. எங்கள் ஊர்ப் பெண்களை, கோயிலை இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2015 ஜனவரியில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்த பெருமாள்முருகன், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஒன்றரை ஆண்டுச் சண்டையில் ஊர் மானம், சாதி மானம், கருத்துச் சுதந்திரம் எல்லாம் பேசப்பட்டன. வறடிக்கல் விளிம்பில் கால் வைத்துச் சுற்றியவளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று கொதித்தவர்கள், எங்கள் ஊரில் யாரையும் வறடி என்று சொன்னதில்லை என்று மறந்தும் சொல்லவில்லை.

இரண்டு எழுத்தாளர்களும் தங்கள் நாயகிகளை விட்டுவிடவில்லை. கங்காவுக்கு 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வந்தது. மாதொருபாகன் முடியும் இடத்தில், பொன்னாள் வீட்டில் இல்லை என்று கண்டு காளி வெடிக்கிறான். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு பெருமாள்முருகன் 2014இல் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாய’னில் காளி செத்துப்போகிறான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொண்டு, மௌனத்தால் பொன்னாளைத் தண்டிக்கிறான். ஆலவாயனில் பெண்கள் பொன்னாளைச் சுற்றி நின்று தாங்குவது மூன்று நாவல்களிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஆனாலும் கதை எங்கே கிளை பிரிகிறது என்று பாருங்கள். காளி கயிற்றில் தொங்கினானா இல்லையா என்பதில்தான். பொன்னாளின் வாழ்க்கைக்கு இரண்டு வழிகள் யோசித்த எழுத்தாளரும் இரண்டையும் புருஷன் கையில் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் முத்து பொய் சொல்லாமல், காளி சம்மதிக்கவில்லை, நீ என்ன செய்யப்போகிறாய் என்று தங்கையைக் கேட்டிருந்தால் நடந்திருக்கக்கூடிய மூன்றாவது நாவல் இன்னும் எழுதப்படவில்லை.